மூக்கண்ணன் புதுச்சட்டையை முற்றுகையிட்ட படலம்

வாழ்க மூக்கண்ணன். மலைமுகடென நிமிர்ந்து, மதகென அகன்று, முகத்தில் பாதியைத் தனக்கே மானியமாக எழுதி வாங்கிக்கொண்டதுபோல் வீற்றிருந்த அவன் மூக்கு வாழ்க. அம்மூக்கின் இரு வாயில்களும் வாழ்க. வாயிலுக்கு வாயில் வேலேந்திய காவலர்போல் விறைத்து நின்ற மயிர்களும் வாழ்க. வாளால் நாடு பிடித்தவர் உண்டு, நாவால் பரிசில் பிடித்தவர் உண்டு. சோப்பு ஆலை ஒன்றின் மணம் பார்க்கும் அறையில் நெடுங்காலம் ஊழியம் புரிந்த நம் நாயகனோ மூக்கால் சம்பளம் பிடித்தவன். அத்தகையோன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கி விளக்கு வைக்கும் வேளைவரை ஒரே ஒரு சட்டையோடு பொருத பெரும்போரை உரைக்கப் புகுந்தோம். கேட்போர் மூக்கைப் பொத்திக்கொள்க.

அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. ஆலையில் அது யாருக்கும் நினைவில்லை. மூக்கண்ணன் என்றே அழைத்தார்கள். அழைத்தவர்கள் அதைக் கேலியாகச் சொன்னார்கள். அழைக்கப்பட்டவன் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மடியிலிருக்கும் டப்பாவை மூடி திறவாமலே உள்ளிருப்பதை உரைக்க வல்லவன். வீட்டில் பால் திரியுமுன்பே திரியப்போகிறது என்று அறிவிக்க வல்லவன். அறிவித்தபின் திரியாத நாள்களில் பால்மீது குறை சொல்லவும் வல்லவன்.

அந்த அறையின் வேலை எளிது. மூன்று காகிதக் குச்சிகளை வாசனைத் தைலத்தில் தோய்த்து வைப்பார்கள். இரண்டில் ஒரே தைலம், ஒன்றில் மட்டும் வேறு. முகர்ந்து பார்த்து வேறானதைச் சொல்ல வேண்டும். அறைக்குச் சட்டமும் ஒன்றே: உள்ளே நுழைபவர் தம்மேல் எந்த வாசனையும் இல்லாமல் நுழைய வேண்டும். பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, வெங்காயம் தின்ற வாய் கூடாது. இச்சட்டத்தைச் செங்கோல்போல் ஏந்தி அறையை ஆண்ட பெரிய மேடம் ஓய்வுபெறும் காலம் வந்தது. திங்கட்கிழமை காலை குச்சிச் சோதனை நடக்கும் என்றும், சரியாகச் சொல்பவரே அடுத்த தலைவர் என்றும், தலைவரானவரின் படம் அன்றே எடுக்கப்பட்டு அறைக்கதவின் அருகே சட்டம்போட்டு மாட்டப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. கதவருகே அந்த வெற்றுச் சுவரை மூக்கண்ணன் பலநாள் பார்த்திருக்கிறான். ஒரு முறை யாருமில்லாதபோது அங்கே போய் முகத்தைச் சாய்த்து நின்றும் பார்த்திருக்கிறான்.

போட்டிக்கு நின்ற மற்றொருவர் ஒரு மனிதரா என்பதே நம் நாயகனின் ஐயம். தோளில் எந்நேரமும் ஒரு கைக்குட்டை. அதனால் பெயரும் கைக்குட்டை. தூசு பட்டால் தும்முவார், தூசு படாவிட்டால் மூக்கடைத்துக்கொண்டு திரிவார். தம் மூக்கின் வறுமை தமக்கே தெரிந்திருந்ததால், ஒவ்வொரு குச்சியை முகர்ந்தபின்னும் தாழ்வாரத்துக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்து, தம் முழங்கையை முகர்ந்து, மூக்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். இது அந்தத் தொழிலின் பாலபாடம். மூக்கு ஒரே வாசனையை நெடுநேரம் முகர்ந்தால் சலித்துப்போய் அதைச் சொல்வதையே நிறுத்திவிடும். தன் தோலை முகர்ந்தால் தெளியும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைக் கற்றுத் தருபவனே மூக்கண்ணன்தான். ஆனால் வைத்தியன் கஷாயத்தைத் தான் குடிப்பானா?

"மோப்பம் புடிக்க வந்தவன் முழங்கைய மோந்துக்கிட்டுத் திரியறான்" என்று தேநீர் வேளையில் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். கைக்குட்டையும் சிரிப்பார், பிறகு தும்முவார். நாளை அந்தத் தும்மலுக்கு முன் எழுந்து நின்று 'சொல்லுங்க சார்' என்று கேட்கும் நிலை வந்தால் என் செய்வது? இந்த ஓர் எண்ணமே நம் நாயகனின் நெஞ்சில் தைத்திருந்த முள்.

ஆகவே படத்துக்கென ஒரு சட்டை வாங்கினான். இளநீல நிறம், முழுக்கை, கத்தியால் செதுக்கியதுபோன்ற காலர், 'சுருக்கமே விழாது' என்று நெஞ்சில் சத்தியம் செய்த ஒட்டுச்சீட்டு. கடையில் அது கண்ணாடித்தாளுக்குள் கண்ணுறங்கும் இளவரசிபோல் கிடந்தது. கடைக்காரர் மூலைக்கு மூலை நறுமணம் தெளித்து வைத்திருந்ததால் இளவரசியின் மூச்சு எப்படி என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாமல் போயிற்று.

ஞாயிறு காலை உறையைப் பிரித்தான். அதுவரை உலகில் எந்த வீரனும் அத்தனை கவசம் பூண்டதில்லை. முதுகுக்கு ஓர் அட்டை, கழுத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம், கைமடிப்புக்குக் கவ்விகள், உள்ளே சரசரவென்று ஒரு மெல்லிய தாள், எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொல்லாமல் ஒளிந்திருக்கும் குண்டூசிகள். ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கி, அம்பு பிடுங்கும் போர்க்கள மருத்துவன்போல் கிண்ணத்தில் இட்டுவந்தவன், இல்லாத இடத்தில் இருந்த ஊசியில் கட்டைவிரலைக் கொடுத்தான். முதற்குருதி சிந்திற்று. சிந்திய அக்கணமே சட்டை தன் மடிப்புகளை விரித்தது. விரித்த மடிப்புகளிலிருந்து எழுந்தது நாற்றம்.

எப்படிப்பட்ட நாற்றம்? மண்ணெண்ணெயும் மீன்வலையும் புது ரெக்சின் பையும் ஒன்றாகக் கூடி, ஆஸ்பத்திரித் தாழ்வாரம் ஒன்றில் தங்கி, நமக்கு அடைக்கலம் தரும் துணி எது என்று ஆலோசித்து, இளநீலத்தைத் தேர்ந்தெடுத்து வந்து குடியேறியதுபோன்ற நாற்றம். நம் நாயகனின் மூக்கு அடிபட்ட யானைபோல் பின்வாங்கியது.

அடுத்த அறையிலிருந்து கொழுந்தியாளின் குரல் வந்தது. வேலை தேடி அக்காள் வீட்டில் தங்கியிருந்தவள். வேலை கிடைக்கும்வரை மாமனைக் கேலி செய்வதே அவள் வேலை. "அக்கா, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களா? சொல்லவே இல்ல."

"இல்லடி. மாமா சட்டை பிரிக்கிறாரு."

மனைவி வந்தாள். சட்டையின் நுனியை இரண்டு விரலால் தூக்கினாள், முகர்ந்தாள், விட்டாள். "புதுத்துணின்னா இப்படித்தாங்க வரும். குடுங்க, ஒரு அலசு அலசிப் போட்டா மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்."

அப்போது மூக்கண்ணன் மார்பை நிமிர்த்தி, அகிலம் கேட்க அறிவித்தான்: "சோப்பு போட்டா சோப்பு வாசம் ஒட்டிக்கும். எங்க ஆலை சோப்பே அந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. அங்க என்ன சட்டம்னு உனக்குத் தெரியாது."

"சோப்பு யாருங்க போடச் சொன்னது? வெறும் தண்ணி."

வாதம் தோற்கும்போது சபதம் செய்வது வீரர் மரபு. "தண்ணி பட்டா புதுசு போச்சு" என்றான். "இந்தச் சட்டைல நாளைக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது."

துணியில் சுருக்கம் விழாமலிருக்க நெசவாலையில் அதற்கு ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். சட்டையை விறைப்பாக நிறுத்துவதும் அந்த மருந்துதான், மூக்கில் ஏறுவதும் அந்த மருந்துதான். விறைப்பு வேண்டும், நாற்றம் வேண்டாம் என்றால் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நம் நாயகனுக்கு இரண்டுமே பேராசையாக இருந்தன. ஆகவே தண்ணீர் ஒன்றைத் தவிர மூவுலகிலும் உள்ள படைகள் அனைத்தையும் திரட்டப் புறப்பட்டான்.

முதலில் காற்றுக்குத் தூது அனுப்பினான். பால்கனிக் கொடியில் சட்டையைத் தொங்கவிட்டு, "வீசுக" என்பதுபோல் வானத்தை நோக்கினான். காற்றும் வீசியது. தன்னை மதித்து அழைத்த வீரனிடம் வெறுங்கையோடு போகலாகாது என்று எண்ணிய காற்று, கீழ்வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மையாரின் வாளியிலிருந்து பினாயிலை அள்ளிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டில் எதையோ தாளிக்க, அதையும் கூட்டிக்கொண்டது. சற்றுநேரம் கழித்துச் சட்டையில் முகம் புதைத்த மூக்கண்ணன், பகைவன் இரண்டு நட்பரசர்களைச் சேர்த்துக்கொண்டதை உணர்ந்தான்.

"கொழுந்தியா, இங்க வா. மோந்து பாரு. குறைஞ்சிருக்கா?"

அவள் வந்து முகர்ந்தாள். "குறையல மாமா. ஆஸ்பத்திரில இப்பதான் தரை தொடச்சிருக்காங்க."

பின்பு கதிரவனைத் துணைக்கு வேண்டினான். மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சட்டையை மாட்டினான். அதன் எதிரே குடைபிடித்து அமர்ந்து காவலிருந்தான். செங்கதிர்ச் செல்வன் தன் ஆயிரம் கரங்களையும் நீட்டிச் சட்டையைத் தழுவ, தழுவத் தழுவ நாற்றம் தளர்வதற்குப் பதில் தலைதூக்கி, சோம்பல் முறித்து, உறக்கம் கலைந்த பாம்புபோல் படமெடுத்தது. சூடு பட்டால் மணம் கிளம்பும் என்பது சோப்பு ஆலையில் முதல்நாள் சொல்லித் தருவது. குச்சியை உள்ளங்கைச் சூட்டில் வைத்தபின் முகரும்படி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான். தன் சட்டைக்கு மட்டும் இயற்கை வேறு சட்டம் இயற்றியிருக்கும் என்று நம்பினான்.

பக்கத்துக் கொடியில் போர்வை எடுக்க வந்த மாடிவீட்டுக்காரி, காயாத போர்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு, போகிறபோக்கில், "சார், உங்க சட்டைல யாரோ எதையோ ஊத்திட்டாங்க போல, பாருங்க" என்றாள். குடைக்குள் அமர்ந்திருந்த வீரன் குடையை அவள் பக்கமாகச் சாய்த்துக்கொண்டான். பாமரர் மூக்கோடு வாதாடுவது பெருமூக்குக்கு அழகன்று.

உச்சிவேளையில் முற்றுகைப் போர் தொடங்கியது. சமையலறைக்குள் புகுந்து சோடா உப்பைக் கைப்பற்றினான். அரிசி கொட்டிவைக்கும் பெரிய டப்பாவைக் காலிசெய்து, அதன் அடியில் உப்பைப் பரப்பி, நடுவே சட்டையை அமர்த்தி, மேலும் உப்பைத் தூவி, மூடியை அழுத்தி, அதன்மேல் தானே அமர்ந்தான். கோட்டைக்குள் உணவும் நீரும் இன்றிப் பகைவன் மடிவான் என்பது திட்டம். அரிசி பாத்திரங்களிலும் முறத்திலும் செய்தித்தாளிலுமாகச் சிதறி, சமையலறை முழுதும் அகதிகளாய்க் கிடந்தது.

"எப்ப எந்திரிப்பீங்க?" என்றாள் மனைவி. "சோறு வைக்கணும்."

"அவசரப்படுத்தாத. உள்ள வேல நடக்குது."

எழுந்து திறந்தபோது உப்பு தன் கடமையைச் செய்திருந்தது. ஆனால் தன்னை அடையாளம் காட்டாமல் போக மனமின்றித் தையல்வரிசை தோறும் வெள்ளைக்கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தது. நாற்றம் ஒரு சுருதி இறங்கியிருந்தது. அதோடு விட்டிருந்தால் இக்காவியம் இங்கே மங்களமாக முடிந்திருக்கும். ஆனால் பாதி வெற்றியோடு திரும்புபவன் பெருவீரன் அல்லன். அப்போது அவன் மூளையில் ஒரு தந்திரம் உதித்தது. மண்ணில் வேறெந்தத் தொழில் செய்பவனுக்கும் உதித்திராத தந்திரம் அது.

மணம் பார்க்கும் அறையில் ஒரு கிண்ணத்தில் காப்பித்தூள் இருக்கும். குச்சிக்கும் குச்சிக்கும் இடையில் அதை முகர்ந்துகொள்வது வழக்கம். முந்தைய வாசனை மூக்கிலிருந்து அகன்றதுபோல் இருக்கும். மூக்கிலிருந்து வாசனையை விரட்டும் தூள் சட்டையிலிருந்து விரட்டாதா? கிண்ணத்துக்கும் மூக்குக்கும் உள்ள உறவு கிண்ணத்துக்கும் துணிக்கும் இல்லை என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நம் நாயகன் பத்தாம் வகுப்பை எப்போதோ தாண்டியவன். அலமாரியிலிருந்த காப்பித்தூள் டப்பாவைச் சட்டையின்மேல் தலைகீழாகக் கவிழ்த்தான்.

மனைவி வாசலில் நின்று வெற்று டப்பாவைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல காப்பின்னு கேட்டு வந்துடாதீங்க."

"சட்டையப் பிழிஞ்சு குடுக்கலாம்க்கா" என்றாள் கொழுந்தியாள்.

அம்மூவரில் சிரிக்காதவன் ஒருவனே. பெருங்காரியம் செய்பவர்களைச் சூழ எப்போதும் சிறுமதியோர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று எண்ணி, சட்டையிலிருந்து தூளை உதறிவிட்டு, காப்பிநிறம் பூசிய தன் கைகளைக் கழுவக்கூட நேரமின்றி அடுத்த ஆயுதத்தை எடுத்தான். அது வினிகர். கண்ணாடி துடைக்கும் தெளிப்பானில் அதை ஊற்றி, சட்டையின் முன்னும் பின்னும் அக்குளிலும் காலரிலும், அம்புமாரி பொழிவதுபோல், நெற்றி வியர்க்க, விரல் ஓய, தெளிப்பான் இருமி இருமிக் காற்றை மட்டும் துப்பும்வரை தெளித்தான். சட்டையின் ஈரம் கண்டு மனைவி, "தண்ணி படக்கூடாதுன்னீங்க" என்று நினைவூட்டினாள்.

"இது தண்ணி இல்ல. வினிகர்."

"அதுல தண்ணிதாங்க பாதிக்கு மேல."

அவன் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினான். சூடான இரும்பு ஈரத்துணியில் பட்டதும் புஸ்ஸென்று எழுந்த ஆவியில் மண்ணெண்ணெய் இருந்தது, மீன்வலை இருந்தது, பினாயில் இருந்தது, எதிர்வீட்டுத் தாளிப்பு இருந்தது, காப்பி இருந்தது, அனைத்துக்கும் முடிசூட்டியதுபோல் வினிகரும் இருந்தது. கூடத்தில் அமர்ந்திருந்த கொழுந்தியாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்து, "மாமா, ஊறுகாய்க்கு இஸ்திரி போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தி சாய்ந்தது. அன்று காலைமுதல் அவன் அந்தச் சட்டையை எத்தனை முறை முகர்ந்தான் என்பதை எண்ணிச் சொல்ல எம்மால் ஆகாது. தாய் தன் தலைப்பிள்ளையை அத்தனை முறை முகர்ந்திருக்க மாட்டாள். இப்போது இறுதியாக ஒரு முறை, சட்டையின் மார்பில் தன் மாமூக்கை முழுவதுமாகப் புதைத்து, உலகமே தன் மூச்சுக்காகக் காத்திருப்பதுபோல் ஆழ இழுத்தான்.

ஒன்றுமில்லை.

மீண்டும் இழுத்தான். ஒன்றுமே இல்லை. வீழ்ந்தது பகை. ஓய்ந்தது களம். இஸ்திரி மேசையின்மேல் இரு கைகளையும் ஊன்றி, முரசறைவதுபோல் அறிவித்தான்: "போயிடுச்சு. எல்லாம் போயிடுச்சு. தண்ணியே இல்லாம."

"எனக்கு வருதேங்க" என்றாள் மனைவி.

"உனக்கு மூக்குப் பழக்கம் கிடையாது."

அவள் அரிசியை அள்ளி டப்பாவில் கொட்டப் போனாள்.

அந்த அமைதியில், ஒரு கணம், ஒரே ஒரு கணம், நம் நாயகனின் உள்ளே எங்கோ ஒரு பழைய பாடம் கண்விழித்தது. மூக்கு சலித்தால் வாசனையைச் சொல்லாது. வெளியே போ. தோலை முகர்ந்துவிட்டு வந்து பார். எத்தனையோ பேருக்கு அவனே சொன்னது. அவன் கை மெல்ல உயர்ந்தது. முழங்கை மூக்கை நோக்கி வந்தது. பாதி வழியில் அவன் கண்முன் தாழ்வாரம் தோன்றியது. தாழ்வாரத்தில் கைக்குட்டை நின்று முழங்கையை முகர்ந்துகொண்டிருந்தார். உயர்ந்த கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டான். பெருவீரர்கள் வீழ்வது பகைவரின் வாளால் அன்று, இப்படிப்பட்ட கோதல்களால்தான்.

திங்கள் புலர்ந்தது. குளித்து, பவுடர் இடாமல், எண்ணெய் தொடாமல், காப்பியும் இல்லாமல், சட்டை அணிந்தான். காலர் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தியது. கைப்பட்டைகளின் பொத்தான்கள் விறைத்த துளைக்குள் நுழைய மறுத்து, போராடி, நுழைந்தன. பேருந்தில் அவன் அமர்ந்ததும் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். முன்னிருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்தார். பின்னிருந்து ஒரு மூதாட்டி சேலைத்தலைப்பை முகத்துக்கு ஏற்றினாள். தேருக்கு வழிவிடும் குடிமக்களைக் கண்டதுபோல் அவன் அகம் குளிர்ந்தது.

ஆலைவாயிலில் காவலாளி வணக்கம் வைத்தார். "மூக்கண்ணே, சட்டை புதுசா?"

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"கண்ணு எரியுதுண்ணே."

பொறாமை என்று கொண்டான்.

மணம் பார்க்கும் அறையில் வெள்ளை மேசை, வெள்ளைச் சுவர், மேசையின்மேல் தாங்கியில் மூன்று காகிதக் குச்சிகள். ஒரு பக்கம் பெரிய மேடம். மறுபக்கம் கைக்குட்டை, வெளுத்துப்போன அரைக்கைச் சட்டையில், தோளில் கைக்குட்டையோடு, வழக்கம்போல் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு. நம் நாயகன் உள்ளே காலடி வைத்தான். அவனுக்கு முன்பே அவன் சட்டை வந்து சேர்ந்தது.

கைக்குட்டையின் முகம் சுளித்தது. கண்கள் செருகின. வாய் பிளந்து, தலை பின்னே சாய்ந்து, மத்தளம் வெடித்ததுபோல் ஒரு தும்மல் புறப்பட்டது. அதன் வாலைப் பிடித்து இன்னொன்று. அதன்பின் நாற்படையும் திரண்டு வருவதுபோல் தேராய், யானையாய், குதிரையாய், காலாளாய்த் தும்மல்கள் அணிவகுத்தன. மேசை அதிர்ந்தது. குச்சிகள் நடுங்கின. பெரிய மேடம் எழுந்து போய் அறையின் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தார்.

"சட்டை புதுசா?" என்றார்.

"ஆமா மேடம். வாசனைய முழுசா எடுத்துட்டேன்."

அவர் திறந்த ஜன்னலில் தலையை நீட்டி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "அப்படியா." பிறகு நியாயத்துக்குக் கட்டுப்பட்டவராய், "இவ்வளவு வருஷமா இருக்கீங்க. திருப்பி அனுப்ப மனசு வரல. வெளிய போய் முழங்கைய மோந்துட்டு வந்து குச்சியப் பாருங்க" என்றார்.

ஊழ் தன் கையாலேயே அவனுக்கு ஏணி சாத்தியது. தாழ்வாரத்துக்கு வந்தான். வாழ்வில் முதன்முறையாக, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, முழங்கையை மூக்கருகே கொண்டுவந்தான். அங்கே முழங்கை இல்லை. முழங்கைமேல் சட்டை இருந்தது. கைப்பட்டைப் பொத்தானைக் கழற்ற முயன்றான். சுருக்கமே விழாது என்று சத்தியம் செய்த அந்தத் துணி, வளையவும் மாட்டேன் என்று சொல்லாமல் விட்டிருந்தது. காலையில் போராடி நுழைந்த பொத்தான் வெளியே வர மறுத்தது. மேலே சுருட்டப் பார்த்தான், சட்டைக்கை முழங்கைக்குக் கீழே முறம்போல் விறைத்து நின்றது. கடைசியில், சட்டையோடு சேர்த்தே முழங்கையை முகர்ந்துவிட்டு உள்ளே வந்தான்.

முதல் குச்சியை எடுத்தான். முகர்ந்தான். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. மூன்றாவதை மூக்கின் வாயிற்காவலர் மேல் படும்படி ஒட்டிவைத்து இழுத்தான். பாழடைந்த கோட்டைக்குள் காற்று போய்வந்ததுபோல் போய்வந்தது. வியர்வை அரும்பியது. வியர்வை பட்ட காலர் புத்துயிர் பெற்று எழுந்தது; அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. சுவரில் அந்த வெற்றிடம் தெரிந்தது. சும்மா நின்றால் தோல்வி. சொன்னால் வெற்றியாகவும் இருக்கலாம். கடைசிப் பேரறிவிப்பு எழுந்தது:

"மூணும் ஒண்ணுதான் மேடம். வேணும்னே ஒரே தைலத்துல தோய்ச்சு வச்சுச் சோதிக்கிறீங்க. என்கிட்ட இதெல்லாம் நடக்காது."

மேடம் கைக்குட்டையின் பக்கம் திரும்பினார். கைக்குட்டை கண்ணைத் துடைத்தார், மூக்கைச் சிந்தினார், ஒரு மூச்சு இழுத்தார், திடுக்கிட்டு நின்றார். எந்த மருந்துக்கும் திறவாத அந்தக் கோட்டைக்கதவு, வினிகரும் காப்பியும் மண்ணெண்ணெயும் மோதிய மோதலில் தாழ் தெறித்துத் திறந்திருந்தது. தாழ்வாரம் சென்றார். அரைக்கைச் சட்டை, முழங்கை வெட்டவெளியில் இருந்தது. முகர்ந்தார். வந்தார். ஒவ்வொன்றாக முகர்ந்தார், இடையிடையே ஜன்னலருகே போனார்.

"நடுவுல இருக்கறது வேற மேடம். எலுமிச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு." சொல்லிவிட்டு நம் நாயகன் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை, அதுதான் கொடுமை. "மூக்கு தொறந்து எத்தனை காலம் ஆச்சு தெரியுமாண்ணே? எல்லாம் உங்க புண்ணியம்."

அன்று நண்பகலுக்குள் கதவருகே வெற்றுச் சுவர் நிறைந்தது. படத்தில் தோளின் கைக்குட்டையும் தெளிவாக விழுந்திருந்தது.

மாலையில், கொடியிழந்த தேரோன்போல், குடையிழந்த வேந்தன்போல், 'சொல்லுங்க சார்' என்று ஒருமுறை சொல்லிப்பார்த்த நாவில் கசப்போடு, அழியாப் புகழும் அழியா நாற்றமும் ஒருங்கே சூழ, நம் பெருமூக்கன் வீடு திரும்பினான். கொழுந்தியாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். அதனால் கைப்பட்டைப் பொத்தான்களை மனைவியே அறுத்தெடுத்தாள். அவன் சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். நீட்டியபோதும், கடைசியாக ஒருமுறை, வீரத்தின் எச்சம்போல், அதை முகர்ந்து பார்த்தான்.

அவள் அதை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு தடவை அலசிக் காயப்போட்டாள், வாடை போய்விட்டது.